ராபினில் தொடங்கலாமா, பக்கியில் தொடங்கலாமா? துணை நாயகர்களைத் தேடும் புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

சாம்பியன் ரீப்ஸ்: சூப்பர் ஹீரோ திரைப்படங்களைத் தமிழ்க் குரல்பதிவில் பார்க்கும் இளைஞர்களில் சிலருக்கு நாயகனைவிட அவன் அருகில் நிற்பவனே மனத்தில் தங்கிவிடுகிறான். அவனது கதையைப் படிக்க வேண்டும் என்று தேடினால் ஆயிரக்கணக்கான இதழ்கள் எதிரே வந்து நிற்கின்றன. முதல் புத்தகம் தவறாக அமைந்தால் ஆர்வம் அத்துடன் அடங்கிவிடும். கோலார் தங்க வயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். படிப்பதற்கு அந்தப் பயண நேரம் தாராளமாகப் போதும். எதைப் படிப்பது என்பதே கேள்வி.

'சைட்கிக்' எனப்படும் துணை நாயகர் மரபை அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் நிலைநிறுத்தியவன் ராபின். பேட்மேன் 1939இல் தோன்றினார். அடுத்த ஆண்டே ராபின் வந்துவிட்டான். தனியாகத் திரியும் நாயகனுக்குப் பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. படிக்கும் சிறுவர்களுக்கும் தங்கள் வயதில் ஒருவன் கிடைத்தான்.

புதியவர் முதலில் எடுக்க வேண்டியது, 2000ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'ராபின்: இயர் ஒன்'. நான்கே இதழ்களில் முடிந்துவிடும் கதை. முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சர்க்கஸ் கலைஞர்களின் மகனான டிக் கிரேசன், ஒரு சிறுவனை இத்தகைய ஆபத்தில் இறக்குவது சரியா என்ற கேள்வியை அதில் தன் உடலாலேயே எதிர்கொள்கிறான். அவன் வளர்ந்து, ராபின் பெயரைத் துறந்து, 'நைட்விங்' ஆக மாறுவதை 1984இல் வந்த 'தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்' சொல்கிறது.

அதன் பின்னரே இரண்டாவது ராபினான ஜேசன் டாட்டிடம் செல்ல வேண்டும். 1988இல் ஜோக்கரிடம் சிக்கிய ஜேசன் பிழைப்பானா, மாட்டானா என்பதைப் பதிப்பகம் வாசகர்களிடமே விட்டது. கட்டணத் தொலைபேசி எண்கள் இரண்டு அறிவிக்கப்பட்டன. சாகட்டும் என 5,343 அழைப்புகளும் பிழைக்கட்டும் என 5,271 அழைப்புகளும் வந்தன. வெறும் 72 அழைப்புகள் வித்தியாசத்தில் ஒரு சிறுவனின் கதை முடிந்தது. 'எ டெத் இன் தி ஃபேமிலி' என்ற அந்தத் தொகுப்பு சிறந்த கதை என்று சொல்ல முடியாது. இடையில் அரசியல் திருப்பம் ஒன்று நம்பும்படியாகவே இல்லை. ஆயினும், வாசகர்களும் உடந்தையாக இருந்த கொலை என்பதால் அதைத் தவிர்க்க இயலாது.

கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி பார்ன்ஸ் 1941இல் அறிமுகமானவன். தமிழில் அந்தப் பெயர் சிரிப்பை வரவழைக்கும்; கதை அதை மறக்கச் செய்துவிடும். போரின் இறுதியில் அவன் இறந்துவிட்டான் என 1964இல் மார்வெல் நிறுவனம் எழுதியது. நாற்பது ஆண்டுகள் அவன் இறந்தவனாகவே இருந்தான். 2005இல் எட் புரூபேக்கர் எழுதி, ஸ்டீவ் எப்டிங் வரைந்த 'விண்டர் சோல்ஜர்' தொடரில் மீண்டு வந்தான். 2014இல் வெளியான திரைப்படத்தைப் பார்த்தவர்கள் நேராக இதிலிருந்தே தொடங்கலாம்.

ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குவோருக்குத் தமிழிலும் வழி உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் பிரிட்டிஷ் நாயகர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. அவர்களில் ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு) துணை நாயகர்களுக்காகவே படிக்கலாம். குற்றவாளிகளின் பேரரசனாகத் துடிக்கும் ஸ்பைடருக்கு, கருவிகள் செய்து தரும் பெல்ஹாம், பூட்டுகளை உடைக்கும் ஆர்டினி என இரு கூட்டாளிகள். அவர்களை அவன் மதிப்பதே அரிது. தலைவனின் ஆணவத்தைச் சகித்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களின் முகங்களை அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் கவனித்துப் பார்க்க வேண்டும். சூப்பர்மேனை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல், இத்தொடரின் பல கதைகளை எழுதியவர்.

மந்திரவாதி மாண்ட்ரேக்கின் லோதார் அதற்கும் மூத்தவர். 1934 முதல் உடனிருப்பவர். ஆனால் தொடக்ககாலக் கதைகளில் ஆப்பிரிக்கரான அவரைச் சித்திரித்த விதம் இன்று உறுத்தும். பிற்காலக் கதைகளில் அவர் மாண்ட்ரேக்குக்குச் சமமான நண்பராக நிற்கிறார். அவற்றை முதலில் படிப்பது நல்லது.

லயன், முத்து இதழ்களைச் சந்தா செலுத்தி அஞ்சலில் பெறலாம். சென்னைப் புத்தகக் காட்சியிலும் கிடைக்கும். பழைய பதிப்புகளுக்குச் சேகரிப்பாளர்கள் சொல்லும் விலை மலைக்க வைக்கும். மறுபதிப்பு வந்துள்ளதா என முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத் தொகுப்புகளுக்கு, சாம்பியன் நிலையத்தில் ரயிலேறி பெங்களூரு சென்று, மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் எம்.ஜி. சாலையில் இறங்கினால் சர்ச் தெரு நடக்கும் தூரம்தான். அங்குள்ள கடைகளில் பிறர் படித்து விற்ற பிரதிகளும் கிடைக்கும். 'ராபின்: இயர் ஒன்' கையில் கிடைக்காவிட்டால், ராபினின் தொடக்கத்தைச் சொல்லும் 'டார்க் விக்டரி'யைக் கேட்டு வாங்கலாம், ஆனால் அது 'தி லாங் ஹாலோவீன்' நூலின் தொடர்ச்சி என்பதால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும்.