மருந்து அடிக்காத கத்தரிக்காய் இருக்கா?

தெரியுமா? பூச்சியைக் கொல்லும் விஷத்துக்குப் போய் 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம்! வயலில் தெளித்தால் 'மருந்து அடிச்சாச்சு'. அதையே ஒருவன் எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டால் 'மருந்து குடிச்சிட்டான்' என்று ஊரே அலறி ஓடும். ஆர்கானிக் கடைக்கு வருகிறவர் வைட்டமின் கணக்கா கேட்கிறார்? 'மருந்து அடிக்காததுதானே?' என்றுதான் கேட்கிறார்.

மருந்து அடிக்காததைச் சாப்பிட்டால் உடம்பில் என்ன மாறும்? அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் 23 பள்ளிப் பிள்ளைகளை வைத்தே பார்த்திருக்கிறார்கள்! ஆய்வு 2006-ல் வெளியானது. மொத்தம் 15 நாள். முதல் 3 நாள் வழக்கமான சாப்பாடு. அடுத்த 5 நாள், சாப்பாட்டில் பெரும்பகுதியை மட்டும் ஆர்கானிக்காக மாற்றினார்கள். பிறகு பழையபடி. தினமும் சிறுநீர்ச் சோதனை. மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் என்ற இரண்டு பூச்சிக்கொல்லிகளின் தடயமும் மாற்றிய உடனேயே சடசடவென்று இறங்கி, கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது! பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அதுவும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. (நோய் தீர்ந்தது என்று யாரும் இதில் நிரூபிக்கவில்லை, கடைக்காரர் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.)

சத்து அதிகமா? 2012-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டினார்கள். வைட்டமினில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பூச்சிக்கொல்லி எச்சம்தான் ஆர்கானிக்கில் குறைவு.

இன்னொன்று தெரியுமா? ஒரு காலத்தில் கத்தரிக்காயில் ஓட்டை இருந்தால் கூடைக்கே திருப்பிப் போடுவார்கள். இப்போது காம்பைப் பிடித்துச் சுழற்றி, ஓட்டையைத் தேடி எடுக்கிறார்கள்! 'புழுவே சாப்பிட்டிருக்கு, நாம சாப்பிடக் கூடாதா?' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்த்துளைப்பான் புழு காய்க்குள்ளே போய்ப் பத்திரமாகப் படுத்துக்கொள்ளும். வெளியே எத்தனை முறை அடித்தாலும் அதற்குச் சரியாகப் படாது. ஓட்டை சான்றிதழ் ஆகாது!

நிஜ ஆர்கானிக் சான்றிதழ் வேண்டுமென்றால் விவசாயி காத்திருக்க வேண்டும். இந்தியாவில் நெல், காய்கறி நிலத்துக்கு வழக்கமாக 2 வருடம், மா, தென்னை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு 3 வருடம். அப்போதிருந்தே ரசாயன உரமும் ரசாயன மருந்தும் நிறுத்தியாக வேண்டும். விளைச்சல் குறையலாம், முழு ஆர்கானிக் விலையும் கிடைக்காது. கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் இந்தக் காத்திருப்பும் சேர்த்திதான்.

கடைசியாக ஒரு வெடி! ஆர்கானிக் தோட்டத்திலும் மருந்து உண்டு, தெரியுமா? 1880-களில் பிரான்சின் போர்டோ பக்கம், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசிவைத்தார்கள். பார்த்தாலே விஷம் மாதிரி நீலப் பூச்சு! திருடன் வந்தானோ இல்லையோ, அந்தக் கொடிகளை மட்டும் பூஞ்சை தொடவில்லை. மில்லார்டே என்ற தாவரவியலாளர் அதைக் கவனித்தார். பிறந்தது போர்டோ கலவை. ஆளை விரட்டப் பூசிய அதே கலவையை, அளவு வைத்து, இன்றைக்கும் ஆர்கானிக் திராட்சைக்கு அடிக்கிறார்கள்!