சறுக்கியவர் ஒருவர், அடிபட்டவர் ஆயிரம்

பத்துமலைப் படியேறாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் உண்டா? அங்கே கோயில் எழக் காரணமாயிருந்தவர் கா. தம்புசாமிப் பிள்ளை என்பது நீங்கள் அறிந்ததே. ரவாங்கில் லோக் இயூவோடு சேர்ந்து ஈயச் சுரங்கம் நடத்திய வணிகர் அவர். 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தின் அறங்காவலர்களில் ஒருவராகவும் இருந்தார். வணிகர் செழித்தால் ஊருக்குக் கோயிலும் பள்ளியும் கிடைக்கின்றன. சரி, வணிகர் சறுக்கி விழுந்தால்?

"அவர் பணம், அவர் நட்டம். நமக்கென்ன?" என்று லயத்து வாசலில் பேசிவிடுகிறோம். அது சரியா என்று பாருங்கள்.

1906ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. லண்டன் பங்காளி துணிந்து செய்த சூதாட்ட முதலீடுகள் அதைக் கவிழ்த்தன. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். ஆனால், ஆயுள் முழுவதும் சேமித்ததை அங்கே போட்டிருந்த மக்களுக்கு அவர் சிறை சென்றதால் என்ன கிடைத்தது?

அத்தகைய அடி நம் நாட்டிலும் விழுந்தது. 1985இல் மலேசியப் பொருளாதாரமே சுருங்கிற்று. மக்களிடம் வைப்புத்தொகை வாங்கி நிலத்திலும் பங்குகளிலும் முடக்கிய கூட்டுறவுச் சங்கங்கள் தள்ளாடின. 1986இல் பேங்க் நெகாரா 24 சங்கங்களை முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு, சுமார் 150 கோடி வெள்ளி, அதில் சிக்கியது. தூக்கி நிறுத்தும் பாரம் அரசின் தலையில் விழுந்தது. அரசின் பணம் என்பது யார் பணம்? உங்கள் பணமும் என் பணமும்தானே!

மைக்கா ஹோல்டிங்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். 1980களில் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் தோட்ட மக்கள் பங்கு வாங்கினர். சுமார் 66,000 பேரிடம் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி திரண்டது. 2010இல் ஒரு நிறுவனம் அதை வாங்க முன்வந்தபோது, ஒரு வெள்ளிப் பங்குக்குச் சொன்ன விலை 80 காசு!

காசு போனால் சம்பாதிக்கலாம். நம்பிக்கை போனால்? நாளை நம் பிள்ளையே நேர்மையாக ஒரு கடை தொடங்கி முதல் கேட்டாலும், "சூடு கண்ட பூனை" போல விலகிப் போவோம். புதிய தொழில் பிறக்காது. பிள்ளைகளுக்கு வேலையும் பிறக்காது. ஒரு நாட்டுக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை.

ஆனாலும், நம்பிக்கையைத் திரும்பக் கட்டலாம். அர்பத்நாட் விழுந்த மறு ஆண்டே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முயன்று இந்தியன் வங்கியைத் தொடங்கினர். இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கிற்று.

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே! நேர்மையாக உழைத்துத் தோற்ற வணிகரை இகழாதீர்கள். அவர் மீண்டும் எழ வேண்டும். ஆனால், பணம் போடுமுன் கணக்கைக் கேளுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். தாலிக்கொடியை விற்றுப் பங்கு வாங்காதீர்கள். கணக்குக் கேட்பது அவமரியாதை அல்ல. உங்கள் வியர்வைக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது!