ஒரே விலையில் இரண்டு சைக்கிள்: எதை வாங்குவது?



சோளிங்கரில் ஓர் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தா இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையொன்றில் பணியாற்றுகிறார். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகன் சைக்கிள் கேட்கிறான். சாதாரண சைக்கிள் அன்று. முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிள். கடையில் அத்தகையவை இரண்டு நிற்கின்றன. விலையில் சில நூறு ரூபாய்தான் வேறுபாடு. மாதக்கணக்கில் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. எதை வாங்குவது?

இக்கேள்வி உங்கள் இல்லத்திலும் எழக்கூடும். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

மலைச் சைக்கிள் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மலைச்சரிவுகளில் வேகமாக இறங்கி விளையாடிய இளைஞர்களிடம் உருவானது. அன்று அதில் ஸ்பிரிங் கிடையாது. 1989க்குப் பின்னரே முன்சக்கரத்திற்கான அதிர்வுதாங்கி பரவலாயிற்று; பின்சக்கரத்திற்கும் அது வந்து சேர்ந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது. கல்லும் வேரும் நிறைந்த பாதைக்காகப் பிறந்த வாகனம் இது என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் மட்டும் போதுமா?

நல்ல அதிர்வுதாங்கியில் இரண்டு வேலைகள் உண்டு. அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். அது துள்ளித் துள்ளி ஆடாமல் எண்ணெய் அடக்கும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும். இருக்கையைக் கையால் அழுத்தி விடுங்கள். அமைதியாக எழுந்து நின்றால் நன்று. இரண்டு மூன்று முறை குதித்தால், பையன் பெடலை மிதிக்கும் வலிமையின் ஒரு பகுதி அந்த ஆட்டத்திலேயே வீணாகும்.

பின் ஸ்பிரிங்கின் மேல் 750 என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அதனை ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அதன் பொருள். எண் பெரிதானால் தரம் உயர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மெலிந்த சிறுவனுக்கு மிகக் கடினமான ஸ்பிரிங் அசையவே அசையாது, வெறும் சுமையாகிவிடும். மகனை ஏறி அமரச் செய்யுங்கள். ஸ்பிரிங் சற்றேனும் இறங்க வேண்டும். முழுவதும் அமுங்கிவிடவும் கூடாது.

அடுத்து, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிரேமின் மூட்டில் ‘கடகட’ என்ற ஆட்டம் இருந்தால் அதனை விலக்குங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுவது, புஷ் தேய்ந்தபின் இன்னும் ஆடும். அந்த புஷ் உள்ளூரில் கிடைக்குமா, பழுது பார்க்கும் கடைக்காரர் அதை மாற்றுவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவும் பிரேக்கும்

தரையில் இரு கால்களையும் ஊன்றி நிற்கும்போது குறுக்குக் கம்பி உடலில் இடிக்கக்கூடாது. இருக்கையில் அமர்ந்து பெடலைக் கீழே கொணரும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். ‘வளர்ந்து விடுவான்’ என்று மிகப் பெரியதை வாங்குவது ஆபத்து. டிஸ்க் பிரேக் மழையிலும் நன்கு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் கட்டை பிரேக்கைப் பழுது பார்ப்பது எளிது. எதுவாயினும் இரண்டு விரலால் அழுத்தினால் சக்கரம் நிற்க வேண்டும். இருவிதச் சோதனைகளிலும் தேறுவதே உங்களுக்கு உரியது; நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒருவருக்கா, குடும்பத்திற்கா?

இனி, கடையில் பலர் கேட்க மறக்கும் கேள்வி. பின்சக்கரம் மேலும் கீழும் அசைவதால், இத்தகைய சைக்கிளில் வழக்கமான கேரியரைப் பொருத்துவது கடினம். தங்கையைப் பள்ளியில் விடவோ, அரிசிப் பை ஏற்றி வரவோ இயலாது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். முஸ்லிம் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கற்றனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதற்காகவே ஆண்கள் சைக்கிளை விரும்பிய தாய்மார்களும் உண்டு. பளபளப்பை அவர்கள் தேடவில்லை, பயனைத் தேடினார்கள்.

ஆகவே, மகன் தார்ச்சாலையில் பள்ளிக்கு மட்டுமே செல்பவன் என்றால், அதே விலையில் பின் ஸ்பிரிங் இல்லாத சைக்கிளையும் கேட்டுப் பாருங்கள். பின் ஸ்பிரிங்கிற்குச் செலவாகும் பணம் நல்ல சக்கரத்திற்கும் பிரேக்கிற்கும் சென்றிருக்கும். எடையும் குறையும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கப்படுவதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளின் கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதே அவன் உண்மையான ஆர்வம் என்றால், சோதனையில் தேறிய இரட்டை ஸ்பிரிங் சைக்கிளைத் தயங்காமல் வாங்கித் தாருங்கள்.

எந்த முடிவாயினும் மகனையும் அருகில் அமர்த்திப் பேசுங்கள். இரண்டையும் அவனே ஓட்டிப் பார்க்கட்டும். ‘நண்பன் வைத்திருக்கிறான்’ என்பதற்காக வாங்குவது வீண்விரயம். தேவையறிந்து வாங்குவது சிக்கனம். இவ்வேறுபாட்டைப் பதினான்கு வயதில் கற்றுக்கொள்பவன், நாளை பெரிய தொகை கையாளும்போதும் தடுமாற மாட்டான். மிச்சமாகும் பணத்தில் ஒரு விளக்கும் தலைக்கவசமும் வாங்க மறவாதீர்கள்; மாலையில் அவன் வீடு திரும்பும் வரை வாசலில் காத்திருப்பவர் அவனுடைய அம்மா அல்லவா!