மோட்டார் நம் வீட்டில், அதிர்வு அடுத்த வீட்டில்



பொதுச்சுவரை ஒட்டியோ மாடித் தளத்திலோ தண்ணீர் மோட்டார் வைத்திருக்கும் வீடுகள் பல. பக்கத்தில் நிற்கும் நமக்கு அது பெரிய சத்தமாகத் தெரிவதில்லை. ஆனால் ஃபஜ்ருக்கு முன் அதைப் போட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நோயாளியின் தூக்கம் கெடுகிறது. ஏன்?

அதிரும் கைபேசியைத் தலையணை மீது வைத்தால் சத்தம் கேட்பதில்லை. இரும்பு பீரோ மீது வைத்தால் பீரோவே முழங்குகிறது. கைபேசி மாறவில்லை, அது பீரோவுக்குள் இறக்கும் திறன்தான் மாறியது. மோட்டாரும் அப்படித்தான்.

இந்தத் திறனைப் பொறியாளர்கள் கணக்கிடும் முறை எளியது. மோட்டாரின் கால் தளத்தைத் தள்ளும் விசையையும், அந்த இடத்தில் தளம் அசையும் வேகத்தையும் அளக்கிறார்கள். விசையோடு ஒத்துச்செல்லும் வேகத்தை விசையால் பெருக்கினால், கட்டடத்துக்குள் போகும் திறன் வாட்டில் கிடைக்கும். ஒவ்வொரு காலுக்கும், சுவரில் இறுக்கிய குழாய்க்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். காலுக்கு ரப்பர் போட்டும் அதிர்வு நிற்காததற்குப் பெரும்பாலும் அந்தக் குழாய்தான் காரணம்.

ரப்பரிலும் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 2880 சுற்று என்றால் நொடிக்கு 48 அதிர்வு. மோட்டாரின் எடையில் ரப்பர் 1 மி.மீ. அமுங்கினால், அதன் மேல் மோட்டார் இயல்பாகத் துள்ளுவது நொடிக்குச் சுமார் 16 முறை. மோட்டாரின் அதிர்வு அதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே விசையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே தளத்துக்கு இறங்கும். 0.1 மி.மீ. மட்டுமே அமுங்கும் கெட்டியான ரப்பரில் அந்தத் துள்ளல் நொடிக்கு 50 ஆகி, மோட்டாரின் அதிர்வோடு சேர்ந்துகொள்ளும். அது அதிர்வைக் குறைக்காமல் கூட்டிவிடலாம்.

நாம் செய்யக்கூடியவை:

1. மெல்லிய தளத்தின் நடுவில் வைக்காமல், தரையிலோ தூண், உத்தரம் வரும் இடத்திலோ மோட்டாரை வைப்போம்.
2. நன்றாக அமுங்கும் ரப்பர் போடுவோம். போல்ட் வழியே இரும்பும் சிமெண்டும் நேரே தொட்டுக்கொண்டால் ரப்பர் வீண்.
3. மோட்டாருக்கும் குழாய்க்கும் இடையே வளையும் ஹோஸ் இணைப்போம். சுவர்க் கிளாம்புக்குள்ளும் ரப்பர் வைப்போம்.
4. தேய்ந்த பேரிங்கை மாற்றுவோம்.

வேலை முடிந்ததும் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்போம். சுவரின் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்பதை அவர்கள்தாம் சொல்ல முடியும்.