சிவப்பணுவின் தோலில் எழுதியிருக்கும் சேதி

இரத்தப் பரிசோதனை என்றதும் நாம் கேட்பது ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதைத்தான். அந்த ஹீமோகுளோபினைச் சுமந்து செல்லும் பை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சிவப்பணுவின் மேற்சவ்வுதான் அந்தப் பை.

சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோன். மண்ணீரலில் அது நுழைந்து வெளிவரும் இடுக்குகளோ அதில் பாதிகூட இல்லை. ஏறத்தாழ 120 நாள் இப்படி நசுங்கியும் நிமிர்ந்தும் ஓட வேண்டுமே! அதற்காகச் சவ்வின் உட்புறத்தில் ஸ்பெக்டிரின் என்ற புரதம் மீன்வலைபோல் விரிந்து கிடக்கிறது. வலையைச் சவ்வோடு பிணைத்து வைப்பதில் 'பேண்ட் 3' என்ற புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பேருந்து எண்போல் இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். சவ்வுப் புரதங்களை மின்சாரம் செலுத்திப் பிரித்தபோது மூன்றாவது கோடாகத் தெரிந்தது. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஒவ்வோர் அணுவிலும் இது சுமார் ஒரு மில்லியன் இருக்கிறது.

இந்தப் பிணைப்பு தளர்ந்தால் அணு உருண்டையாகிவிடும், மண்ணீரலில் சிக்கி உடையும். பிள்ளை வெளிறிப்போகும், கண் மஞ்சளாகும். பெற்றோர் இரும்புச் சத்து மருந்தை வாங்கி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். குறை இரும்பில் இல்லாதபோது மருந்து என்ன செய்யும்? 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு சோதனையில், பேண்ட் 3 புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைச் சில துளி இரத்தத்தில் கலந்து, ஒளியை அளக்கிறார்கள். ஒளி குறைந்தால் சவ்வில் கோளாறு இருக்கலாம் என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். மலாய்க்காரர், ஓராங் அஸ்லி மக்கள் ஆகியோரில் சிலருக்கு முட்டை வடிவச் சிவப்பணு இருக்கும். பாப்புவா நியூ கினி, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் உண்டு. பேண்ட் 3 புரதத்தில் ஒன்பது அமினோ அமிலங்கள் விடுபட்டதே காரணம் என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். அந்த அணு விறைப்பானது. ஆனாலும் அந்தக் குறையே ஒரு காவல். பாப்புவா நியூ கினியில் மூளை மலேரியா கண்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அவர்களில் ஒருவருக்குக்கூட இந்த அணு இல்லை.

தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் இது வந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. பிறந்த புதிதில் சிலருக்கு மஞ்சள் காமாலை வரும், வளர வளரச் சரியாகும். இருவரிடமிருந்தும் வந்தால்தான் ஆபத்து. சிசு கருவிலேயே இறந்துவிடக்கூடும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு இந்த அபாயம் உண்டு. எனவே கணவன், மனைவி இருவரும் சோதித்துக்கொள்வதே நல்லது. கலப்பு மணம் மிகுந்த நம் நாட்டில் முகத்தைப் பார்த்து, "உனக்கு இருக்காது" என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. இதே புரதம் சிறுநீரகத்தில் அமிலத்தை வெளியேற்ற உதவுகிறது. ஒரு பக்கம் இந்த மரபணுவும் மறுபக்கம் பேண்ட் 3இன் வேறொரு கோளாறும் சேர்ந்துவிட்டால், பிள்ளை வளராது, எலும்பு வலுக்காது, சிறுநீரகத்தில் கல் சேரும். முட்டை வடிவ அணு உள்ள பிள்ளை எடை ஏறாமல் இருந்தால், இரத்தத்தில் அமில அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இதற்கு நாள்தோறும் கொடுக்கும் கார மருந்து இருக்கிறது. காலத்தில் தொடங்கினால் பிள்ளை மறுபடி வளரத் தொடங்கும்.