ஓய்வுக்குப் பின் எந்த ஊர்?

அறுபது வயதைத் தாண்டிய தில்லித் தமிழர் இருவர் சந்தித்துக்கொண்டால், மூன்றாவது நிமிஷத்தில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். "என்ன சார், தெற்கே போறதா உத்தேசமா, இல்லை இங்கேயேதானா?" மலை மந்திரில் பிரசாத வரிசையில் நிற்கும்போதும், சங்க அரங்கில் கச்சேரி இடைவேளையிலும் இந்தக் கேள்வி என் காதில் விழாத வருஷம் இல்லை. நானும் பலரைக் கேட்டிருக்கிறேன். மூன்று வருஷம் அலைந்து எங்கள் குடும்பத்துக்கு ஒரு விடையைக் கண்டுபிடித்திருக்கிறோம். எங்கள் ஊர் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. நாங்கள் தேடிய முறை சிலருக்காவது பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி இரண்டு வரி. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, டிப்ளமோ முடித்து, 1981-இல் வடக்கு ரயில்வேயில் சேர்ந்தவன் நான். அம்பாலா, மொராதாபாத், தில்லி என்று தண்டவாளத்தோடேயே நடந்து 2019-இல் ஓய்வு பெற்றேன். மயூர் விஹாரில் இரண்டாவது மாடியில் சொந்த பிளாட். மகன் நொய்டாவில். என் மனைவிக்குப் பத்து வருஷமாக ஆஸ்துமா. தீபாவளி கழிந்ததும் புகையும் பனியும் சேர்ந்து இறங்கும். அவள் பிப்ரவரி வரை ஜன்னலைத் திறக்க மாட்டாள். 2022 குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. "இந்த நாலு மாதத்தை இவங்க இந்த ஊரில் கழிக்காமல் இருந்தால் நல்லது" என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு இது வெறும் வராண்டாப் பேச்சாக இல்லை.

சராசரியை நம்பாதீர்கள்

வெயிலையும் குளிரையும் ரயில் பாதைக்காரன் பார்க்கும் விதம் கொஞ்சம் வேறு. ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், 10 டிகிரி சூடு ஏறினால் அது 11 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து, ஸ்லீப்பரோடு இறுக்கி விடுகிறோம். நீள வழியில்லாததால் அந்த விசை முழுவதும் இரும்புக்குள்ளேயே தங்குகிறது. கடும் குளிர் ராத்திரியில் இழுத்து உடையும். கோடை மத்தியானத்தில் நெளிந்து பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளும். குளிர்காலத்தில் ராத்திரி ரோந்தும் கோடையில் பகல் ரோந்தும் போவது இதற்காகத்தான். தண்டவாளத்தின் வெப்பம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வைத்து ரயில்வே நாட்டையே நான்கு மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

சராசரி வெப்பத்தில் எந்தத் தண்டவாளமும் உடைந்ததில்லை. ஆண்டில் மிக மோசமான அந்த ஒரு ராத்திரியில்தான் உடையும். வயதான உடம்பும் அப்படித்தான். தில்லியில் 2006 ஜனவரி 8 அன்று சப்தர்ஜங்கில் 0.2 டிகிரி பதிவானது. அன்று காலை பாதையில் நின்றவனுக்கு அது எண்ணாகத் தெரியவில்லை. ஆகவே ஒரு ஊரைப் பற்றி "நல்ல கிளைமேட்" என்று யாராவது சொன்னால், அங்கே எந்த மாதம் மோசம், அப்போது என்ன நடக்கும் என்று கேளுங்கள். நாங்களும் அந்த மோசமான மாதத்தில்தான் ஒவ்வொரு ஊருக்கும் போனோம். மார்கழியிலும் தை மாதத்திலும் போய்ப் பார்த்தால் தமிழ்நாட்டில் எல்லா ஊரும் சொர்க்கம்தான்.

நாங்கள் பார்த்த ஊர்கள்

முதலில் சொந்தக் கிராமம். ஓட்டு வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, பங்காளிகள் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மூச்சுத் திணறினால் ஓட வேண்டிய தூரம் நாற்பது கிலோமீட்டர். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் வெளியூரில். மீதிப் பேருக்கு எங்களைவிட வயது அதிகம். பொங்கலுக்குப் போய் ஒரு வாரம் இருக்கலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்து சென்னை. 2024 நவம்பரில் பதினைந்து நாள் தங்கினோம். வைத்தியத்துக்குக் குறையே இல்லை. எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. கச்சேரி, கோயில், விமானம், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனால் வாடகை எங்கள் கணக்குக்கு மேலே போனது. வடகிழக்குப் பருவமழை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றதையும் அங்குள்ளவர்கள் தேதியோடு சொல்கிறார்கள். சென்னையில் வீடு பார்ப்பவர்கள் தெருவில் நின்று, "2015-இல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று மூன்று கடைக்காரர்களைக் கேளுங்கள். தரகர் சொல்லாததை இஸ்திரி போடுகிறவர் சொல்வார். தெற்கே இன்னும் இறங்கினால் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

மூன்றாவது கோயம்புத்தூர். என் மனசு விழுந்தது இங்கேதான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் வருகிற காற்று, நல்ல டாக்டர்கள், சிறுவாணித் தண்ணீர். முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் இங்கே ஏராளம். சாப்பாட்டுக் கூடம், நர்ஸ், பஜனை ஹால், நடைபாதை எல்லாம் உண்டு. ஜூலையில் பத்து நாள் ஒன்றில் விருந்தினராகத் தங்கிப் பார்த்தோம். மழைச் சாரலில் காலை நடை போய்விட்டு வந்து, "இதுதான் இடம்" என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியாக திருச்சி. 2025 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் இருபது நாள். வெயில் 40 டிகிரியைத் தொட்டது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை தெருவில் நாய்கூட இல்லை. மூன்று ஊர்களில் சீதோஷ்ணம் மோசமானது இதுதான். நாங்கள் போகப்போவதும் இந்த ஊருக்குத்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

என் மனைவி கேட்டது

கோயம்புத்தூர்க் குடியிருப்பின் ஒப்பந்தக் காகிதங்களை வீட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நம்ம ரெண்டு பேரும் ஒரே நாள்ல போகப் போறதில்லை. யாராவது ஒருத்தர் முன்னாடி போவோம். மிச்சம் இருக்கறவங்க அந்த ஊர்ல தனியா என்ன பண்ணுவாங்கன்னு பாத்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். "அங்கேயிருந்து பேங்குக்கு எட்டு கிலோமீட்டர். நீங்க ஸ்கூட்டர்ல போவீங்க. எனக்கு ஓட்டத் தெரியாது. நான் இல்லேன்னா உங்களுக்குச் சாப்பாட்டுக் கூடம் இருக்கு, சரி. நீங்க இல்லேன்னா நான் யார்கிட்டப் பேசறது?"

ரயில்வேயில் எங்களோடு இருந்த ஒருவர் இப்படி ஊருக்கு வெளியே ஒரு அழகான வளாகத்தில் வீடு வாங்கினார். நாலு வருஷம் இருவரும் சந்தோஷமாகவே இருந்தார்கள். அவர் காலமானதும் அந்த அம்மாள் ஆறு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு புனேயில் மகன் வீட்டில் ஒரு அறை. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்தக் கதை எங்கள் இருவருக்குமே தெரியும். அன்று மேஜையில் இருவருமே அதைச் சொல்லவில்லை.

அன்றிரவு எங்கள் பட்டியலைத் திருப்பி எழுதினோம். இருவருக்கு எந்த ஊர் வசதி என்ற கேள்வியை அடித்துவிட்டு, ஒருவர் தனியாக வாழ எந்த ஊர் வசதி என்று போட்டோம். திருச்சி முதலிடத்துக்கு வந்தது. பொன்மலைக்குப் பக்கத்தில் நாங்கள் பார்த்த வீட்டிலிருந்து அடுத்த தெருவில் என் மனைவியின் தங்கை இருக்கிறாள். பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிஷம். பேங்க், மருந்துக் கடை, காய்கறிக் கடை, பிள்ளையார் கோயில் எல்லாம் நடந்து போகிற தூரம். 1928-இல் பணிமனை வந்ததிலிருந்தே அது ரயில்வேக்காரர்களின் ஊர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ரயில்வே ஆள் ஒருவரைச் சந்திக்காமல் திரும்ப முடியாது. மகன் வர விமானம் உண்டு. நாங்கள் தில்லி வர, திருச்சி வழியாகவே திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனுக்கு வருகிறது. வெயிலுக்குக் கீழ்த்தளத்து வீடும், ஒரு அறைக்கு ஏ.சி.யும் போதும். அந்த இருபது நாளில் அவள் இன்ஹேலரை எடுத்தது இரண்டே தடவை.

குளிர் பிடிக்காமல் சூடான ஊரைத் தேடிக் கிளம்பினவர்கள் நாங்கள். கடைசியில் பட்டியலில் சீதோஷ்ணம் நாலாவதாகப் போய்விட்டது.

ஒருவருக்கான கணக்கு

பணக் கணக்கையும் இதே வழியில் போட வேண்டும். 2004-க்கு முன் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. குடும்பப் பென்ஷன் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் 67 வயதுக்கு முன் காலமானால் கொஞ்ச காலம் கூடுதல் விகிதம் உண்டு. அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. அதாவது இன்று நூறு ரூபாய் வருகிற வீட்டில் அன்று அறுபது ரூபாய்தான் வரும். வாடகையும், வாட்ச்மேன் சம்பளமும், குடியிருப்பின் மாதக் கட்டணமும் பாதியாகக் குறையாது. கோயம்புத்தூர் மாதக் கட்டணத்தை என் பென்ஷனில் கழித்துப் பார்த்தேன், தாங்கியது. குடும்பப் பென்ஷனில் கழித்துப் பார்த்தேன், தாங்கவில்லை. எந்த வீட்டுக்கும் கையெழுத்துப் போடுமுன் இந்த இரண்டாவது கழித்தலைக் கட்டாயம் செய்யுங்கள்.

ரயில்வே மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு ஆறுதல். ஒரு முறை பணம் கட்டிச் சேர்ந்தால், நமக்குப் பின் மனைவிக்கும் அது தொடரும். அட்டையில் அவர் பெயரும் படமும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். மத்திய அரசின் மற்ற இலாகாக்காரர்கள், தங்கள் திட்டத்தின் நல மையம் அந்த ஊரில் உண்டா, எந்தப் பேட்டையில் என்று விசாரித்துவிட்டு வீடு தேடுங்கள். நவம்பர் மாத உயிர்ச் சான்று 2014-இலிருந்து கைரேகை வைத்து எங்கிருந்தும் கொடுக்கலாம். அதற்காக ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கிளம்புமுன் சில வார்த்தை

உடனே வாங்காதீர்கள். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து, எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். தில்லி வீட்டை அந்த ஒரு வருஷம் விற்காதீர்கள். பிறகு வாங்குவதானால் முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, புதிய கட்டடமானால் ரெரா பதிவு ஆகியவற்றை வக்கீல் ஒருவர் பார்க்கட்டும்; உறவுக்காரர் வாய்வார்த்தை போதாது. முதியோர் குடியிருப்பானால் மூன்று கேள்விகள்: வீடு நம் பெயரில் பதிவாகுமா, குத்தகையா? கட்டணத்தை வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று எழுத்தில் இருக்கிறதா? படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, "வேறு இடம் பாருங்கள்" என்பார்களா?

இன்னொன்று. நாற்பது வருஷம் இங்கே நம்மை மதராஸி என்றார்கள். அங்கே போனால் "டெல்லிக்காரங்க" என்பார்கள். நம் ஊர்தானே என்ற நினைப்பில் போகாமல், புது ஊருக்கு மாற்றலாகிப் போகிற மாதிரி போனால் ஏமாற்றம் இருக்காது. மாற்றல் நமக்குப் புதிதா என்ன?

என் மனைவிக்கு இங்கே முப்பத்தெட்டு வருஷ சிநேகிதிகள். விஷ்ணு சஹஸ்ரநாமக் கோஷ்டியும், கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் அங்கே கிடைக்க மாட்டார்கள். ஆகவே மார்ச் பிறந்ததும் ஒரு மாதம் தில்லிக்கு வந்து போவது என்று ஒப்பந்தம். அதை வாய்வார்த்தையாக விடாமல் டைரியிலேயே எழுதி வாங்கிக்கொண்டாள்.

பொங்கல் கழித்துக் கிளம்புகிறோம். ஏற்கெனவே தெற்கே போய்க் காலூன்றியவர்களும், போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் நம் வாசகர்களில் இருப்பார்கள். அவர்கள் தங்கள் அனுபவத்தை இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் பலருக்கும் உபகாரமாக இருக்கும். திரும்பி வந்தவர்கள் முதலில் எழுதட்டும். ரயில் பாதையில் எங்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுத்ததும் உடைந்த தண்டவாளம்தான்.