மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பிகளும் வேதிசிகிச்சை எதிர்ப்பும்

மார்பகப் புற்றுநோய் என்னும் ஒரே பெயரின்கீழ் உயிரியல் அடிப்படையில் வேறுபட்ட பல நோய்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியும் முதன்மை அடையாளங்களுள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் குறிப்பிடத்தக்கவை. ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியோடு பிணையும்போது செல் பெருக்கத்திற்குரிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. மார்பகத் திசுவில் டமாக்சிஃபென் இப்பிணைப்பைத் தடுக்கிறது.

ஏற்பியுடைய கட்டிகள் வேதிமருந்துகளுக்குக் குறைவாகவே இணங்குகின்றன. கோர்ட்டாசார் குழுவினர் 12 மருத்துவ ஆய்வுகளைச் சேர்ந்த 11,955 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டனர். அறுவைக்கு முந்தைய வேதிசிகிச்சையால் ஊடுருவும் புற்று முற்றிலும் மறைந்தோர், ஏற்பியுடைய, ஹெர்2 மிகையற்ற, குறைந்த வீரியக் கட்டிகளில் 7.5 விழுக்காட்டினரே, மூவெதிர்மறைக் கட்டிகளில் 33.6 விழுக்காட்டினர்.

இதற்குக் காரணங்கள் பல. பெரும்பாலான வேதிமருந்துகள் பிளவுறும் செல்லையே தாக்குவன. ஏற்பியுடைய செல்களோ மெதுவாகப் பிளவுறுகின்றன. செல் மரணத்தைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்தை ஈஸ்ட்ரோஜன் மிகுவிக்கிறது. அதன் தூண்டலால் உருவாகும் டாவ் புரதம் நுண்குழல்களைப் பற்றிக்கொள்வதால், அங்குப் பிணைய வேண்டிய பாக்லிடாக்செலின் செயல் குறைகிறது.

எனினும், ‘எதிர்ப்பு’ என்னும் சொல் மயக்கம் தருவது. வேதிசிகிச்சைக்கு இணங்காமை தீய முன்கணிப்பைக் குறிப்பதன்று. நிணநீர்க்கணுப் பரவலற்ற, மறுநிகழ்வு மதிப்பெண் இடைநிலையிலுள்ள 6,711 பெண்களை ஆராய்ந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு (2018), அவர்களுள் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டுமே போதுமெனக் காட்டியது. ஐம்பது வயதுக்குட்பட்டோருள் ஒரு சாராருக்கு மட்டும் வேதிசிகிச்சையால் ஓரளவு பயன் இருந்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சேர்வராயன் கோயிலை அடுத்த மலையூர்ப் பெண்ணொருவர் சேலத்தில் வேதிசிகிச்சை பெறுவதென்றால், பெரும்பாலும் மூன்று வாரத்திற்கொருமுறை இருபது கொண்டையூசி வளைவுகளை இறங்கி ஏற வேண்டும். டமாக்சிஃபெனோ வீட்டிலிருந்தே உண்ணத்தக்க, விலை குறைந்த மாத்திரை. ஆகவே ஏற்பிச் சோதனை பிழையாக எதிர்மறை காட்டுமாயின் இழப்பு பெரிது.

அப்பிழை ஆய்வகத்திற்கு வெளியிலும் நேரக்கூடும். அகற்றிய திசுவை ஒரு மணி நேரத்திற்குள் ஃபார்மலினில் இட்டு, 6 முதல் 72 மணி நேரம் வரை பதப்படுத்த வேண்டும்; தாமதித்தால் ஏற்பிப் புரதம் சிதைகிறது. புற்றுச்செல்களில் 1 விழுக்காடு சாயம் ஏற்றாலே நேர்மறை என்பதால் சிறு சிதைவும் முடிவை மாற்றவல்லது. அதே வில்லையிலுள்ள இயல்பான பால்நாளச் செல்களில் சில சாயமேற்றல் வேண்டும். அவையும் ஏற்காதபோது ‘எதிர்மறை’ என்னும் அறிக்கையை ஏற்காமல், வேறு திசுத்துண்டில் சோதனையை மீண்டும் செய்வதே முறை.